தட்டில் மிஞ்சும் ஃபாண்டன்ட்

திருப்பூரில் ஏதாவது ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால் கேக் வெட்டும்போது கவனிக்க வேண்டாம். வெட்டி முடித்து அரை மணி நேரம் கழித்து, மண்டபத்து மூலையில் அடுக்கி வைத்திருக்கும் பேப்பர் தட்டுகளைக் கவனியுங்கள். நீலம், சிவப்பு, பச்சை என்று ரப்பர் துண்டு மாதிரி ஏதோ ஒன்று தட்டுக்குத் தட்டு மிஞ்சிக் கிடக்கும். உள்ளே இருந்த கேக்கை மட்டும் குழந்தைகள் தோண்டித் தின்றிருப்பார்கள். "ஆன்ட்டி, இந்தத் தோலு வேண்டாங்" என்று தட்டை நீட்டும் வாண்டுகள் எல்லா விழாவிலும் உண்டு.

அந்தத் தோலுக்குப் பேர்தான் ஃபாண்டன்ட். சர்க்கரை மாவைச் சப்பாத்தி மாதிரித் தேய்த்து கேக் மேல் போர்த்துகிற சமாச்சாரம். ஸ்பைடர்மேன், சோட்டா பீம், இளவரசி, கார் என்று எந்தப் பொம்மை வேண்டுமானாலும் அதில் பிடிக்கலாம். சாதா கிரீம் கேக்கை விட விலை கணிசமாக அதிகம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஒரு டெய்லர் தன் பையனுக்கு இப்படி ஒரு கேக் சொன்னார் என்றால், அந்த வாரச் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு அதற்கே போய்விடும். கூடுதலாகக் கொடுத்த காசு முழுக்க அந்தத் தோலுக்கும் அதைச் செய்த கைவேலைக்கும்தான். தட்டில் மிஞ்சுவதும் அதே தோல்தான். இது யோசிக்க வேண்டிய விஷயமா இல்லையா?

இதில் வேடிக்கை என்னவென்றால், இது துணியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காத ஊர். பனியன் துணி என்றால் ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார்கள், இழுத்து விட்டுப் பார்ப்பார்கள், ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேட்பார்கள், சாயம் போகுமா என்று நனைத்துப் பார்ப்பார்கள். லேப் டிப் கையெழுத்தாகாமல் ஒரு கிலோ துணி சாயப்பட்டறைக்குள் போகாது. அதே ஊர்க்காரர்கள் கேக் என்று வந்ததும் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி "இதே மாதிரி வேணுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். வாயில் போடப் போகிற பொருளுக்கு சாம்பிள் கேட்பதில்லை!

சரி, ஃபாண்டன்ட் ஏன் நன்றாக இருப்பதில்லை? எல்லா ஃபாண்டன்ட்டும் அப்படியா? இல்லை. நல்லதும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஃபாண்டன்ட் என்பது பிரெஞ்சு வார்த்தை. உருகுவது என்று அர்த்தம். ஒரிஜினல் ஃபாண்டன்ட் உண்மையிலேயே நாக்கில் உருகும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு அதன் சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வர வேண்டும், அந்தப் பதம். தெர்மாமீட்டர் கணக்கில் 112 முதல் 116 டிகிரி வரை. அதை ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது விடாமல் கிளறினால் கண்ணாடி மாதிரி இருந்த பாகு பால் வெள்ளையாக மாறும். சர்க்கரை மறுபடியும் படிகமாகிறது, ஆனால் நாக்குக்குத் தட்டுப்படாத அளவு பொடிப் படிகமாக. கொஞ்சம் குளுக்கோஸோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது படிகம் பெரிதாகாமல் இருக்கத்தான். பேஸ்ட்ரி மேல் ஊற்றுவதும் சில சாக்லேட்டுகளுக்குள் இருப்பதும் இந்த வகை.

கேக் மேல் போர்த்துவது இது அல்ல. அதன் பெயரை வாங்கிக்கொண்ட வேறொன்று. ஐசிங் சுகர், குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின் அல்லது ஏதாவது ஒரு கோந்து, அப்புறம் ஒரு கொழுப்பு. எல்லாவற்றையும் பிசைந்து உருட்டினால் தேய்க்கிற பதத்துக்கு வரும். முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். பிரிட்டன்காரர்கள் இதையே சுகர்பேஸ்ட் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ருசி கெடுகிற இடங்களில் முதலாவது கொழுப்பு. கடையில் விற்கும் மலிவு ஃபாண்டன்ட் பலவற்றில் பாமாயில் வகைக் கொழுப்போ, கெட்டியாக்கிய தாவர எண்ணெயோ இருக்கும். அது வாய்ச் சூட்டில் முழுசாக உருகாது. மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொள்ளும். பழைய பேக்கரி கேக்கில் வனஸ்பதி போட்டுச் செய்த ரோஸ் கலர் பூவைத் தின்றவர்களுக்கு அந்த வழவழப்பு ஞாபகம் இருக்கும். (எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் சட்டம். ஆரோக்கியத்துக்கு நல்லது, ஆனால் மெழுகு ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கோகோ பட்டர் கிட்டத்தட்ட 34 டிகிரியிலேயே உருகிவிடும், அதாவது வாய்க்குள் போனதும். வெள்ளைச் சாக்லேட் சேர்த்துச் செய்த ஃபாண்டன்ட் ருசியில் ஒரு படி மேலே நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் டப்பாவில் வெறுமனே சாக்லேட் என்று போட்டிருந்தால் போதாது. பின்பக்கம் திருப்பி, பொருள் பட்டியலில் கோகோ பட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காம்பவுண்ட் என்று விற்கும் சாக்லேட்டில் இருப்பது வேறு கொழுப்பு.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் திருப்பூர் வெயில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தகர ஷீட் போட்ட கட்டடத்தில் மதியம் மூன்று மணிக்கு கோகோ பட்டர் ஃபாண்டன்ட் வாயில் உருகுவதற்கு முன்னால் மேசையிலேயே குழைய ஆரம்பித்துவிடும். அந்த மாதங்களில் முழுக்கப் போர்த்த சாதா ஃபாண்டன்ட்டும், பொம்மைக்கு மட்டும் சாக்லேட் கலவையும் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறை.

இரண்டாவது, மாவு ருசி. ஐசிங் சுகர் கட்டிபடாமல் இருக்கச் சோள மாவு கலந்திருப்பார்கள். தேய்க்கும்போது ஒட்டாமல் இருக்க அதற்கு மேலேயும் சோள மாவைத் தூவுவார்கள். பச்சை மாவு வாசம் அங்கிருந்து வருவது. மாவுக்குப் பதில் துளி நெய்யோ வாசனையில்லாத எண்ணெயோ மேடையில் தடவித் தேய்க்கலாம். தேய்ப்பது கொஞ்சம் கஷ்டம், ஆனால் வாயில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. கலர்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லைட் ஷேடுக்கும் டார்க் ஷேடுக்கும் சாயம் எவ்வளவு வித்தியாசப்படும் என்று சாயப்பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வெளிர் ரோஸுக்குத் துணி எடையில் அரை சதவீதச் சாயம்கூட வேண்டியதில்லை. கருப்பு, அடர் சிவப்பு, நேவி என்றால் அதைப் போலப் பல மடங்கு. கேக்கிலும் அதே கணக்குதான். வெளிர் மஞ்சளுக்கு ஒரு சொட்டு போதும். ஸ்பைடர்மேன் சிவப்புக்கும் பேட்மேன் கருப்புக்கும் பாட்டிலில் பாதி. அந்தக் கலருக்கு ஒரு கசப்பு உண்டு, எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் அது மறைவதில்லை. தின்ற பிள்ளையின் நாக்கும் பல்லும் உதடும் இரண்டு நாளைக்கு நீலமாக இருக்கும்.

ருசியோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. இந்தியாவில் உணவில் சேர்க்கலாம் என்று அனுமதித்திருக்கும் செயற்கைக் கலர்கள் எட்டே எட்டு. கேக், மிட்டாய் மாதிரிப் பண்டங்களுக்கு அதன் அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அடர் கருப்பு வரும்வரை கலர் ஊற்றுகிறவர் யாரும் அதை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்கத் தடை வந்தது ஞாபகம் இருக்கலாம். எடுத்த மாதிரிகளில் ரோடமின்-பி இருந்தது காரணம். ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம், வயிற்றுக்குள் போக வேண்டியது அல்ல. சாயத் தண்ணீர் நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆற்றில் கலந்த சாயத்துக்காக அத்தனை வருடம் வழக்கு நடத்திய மண்ணில், பிறந்தநாள் கேக்கின் சாயத்தைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை என்றால் எப்படி? கலர் பாட்டிலில் 14 இலக்க உரிம எண்ணும், உணவுக்கானது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று செய்கிறவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. பொட்டலம் பிரித்துத் தூளாக விற்கும் கலர் கேக் பக்கமே வரக் கூடாது.

கைதேர்ந்த கேக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கருப்பு வேண்டுமா, வெள்ளை மாவில் தொடங்காதே. கோகோ தூள் சேர்த்து முதலில் அடர் பழுப்பாக்கிக்கொள், அதற்கு மேல் கொஞ்சம் கருப்பு போதும். சிவப்பைப் பிசைந்து ஒரு நாள் மூடி வைத்தால் தானாகவே அடர்த்தி ஏறும், மேலே மேலே ஊற்ற வேண்டியதில்லை. இன்னும் எளிதான வழி, உடம்பு முழுக்க வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ போர்த்தி, அடர் கலரைச் சின்னச் சின்ன அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது. வெள்ளைக்கும் ஒரு குறிப்பு உண்டு. பளீரென்ற வெள்ளைக்காகச் சிலதில் டைட்டானியம் டையாக்சைடு சேர்ப்பார்கள், லேபிளில் 171 என்ற எண்ணில் இருக்கும். ஐரோப்பிய யூனியன் 2022-ல் அதை உணவில் தடை செய்துவிட்டது. தந்த நிறத்தில் இருக்கும் ஃபாண்டன்ட்டை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம்.

அப்புறம் தடிமன். இது செய்கிறவர் கையில் இருக்கிறது, ஆனால் தின்கிறவர் தலையில் விடிகிறது. எட்டு அங்குல அகலம், நாலு அங்குல உயரமுள்ள வட்டக் கேக்கின் மேல்பக்கமும் சுற்றுப்பக்கமும் சேர்ந்தால் ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 3 மில்லிமீட்டரில் போர்த்தினால் ஏறக்குறைய 400 கிராம் ஃபாண்டன்ட் அதன்மேல் உட்காரும். கிழியுமோ என்று பயந்து 6 மில்லிமீட்டரில் போர்த்தினால் 800 கிராம்! ஒரு கிலோ கேக்குக்கு முக்கால் கிலோ சர்க்கரைச் சட்டை. பனியன் பாஷையில் சொன்னால் 3 மில்லிமீட்டர் ஃபாண்டன்ட்டே நாலாயிரம் ஜி.எஸ்.எம். தாண்டும் :-) எந்த பையர் ஒத்துக்கொள்வார்?

கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா? டப்பா என்றால் துருக்கியின் விஸ்யான், அமெரிக்காவின் சாட்டின் ஐஸ், பிரிட்டனின் ரென்ஷா என்று பெயர்கள் அடிபடும், இந்தியத் தயாரிப்புகளும் இருக்கின்றன. எது ருசி என்று ஊருக்கு ஊர் சண்டை நடக்கும். அதில் தீர்ப்பு சொல்வது வீண் வேலை, ஏனென்றால் வெயிலில் கிடந்து பழசான நல்ல பிராண்டை விட நேற்று வந்த சாதா பிராண்ட் ருசியாக இருக்கும். முதல் தடவை கால் கிலோ பாக்கெட் வாங்குங்கள். பட்டாணி அளவு கிள்ளி, கேக் இல்லாமல் தனியாக வாயில் போடுங்கள். பத்து நொடியில் கரைய ஆரம்பிக்க வேண்டும். மென்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தால் கோந்து அதிகம். மேலண்ணத்தில் பிசுக்கு நின்றால் கொழுப்பு சரியில்லை. மருந்து வாசம் வந்தால் மலிவு எசன்ஸ். இதற்கு ஒரு நிபுணரும் வேண்டாம்.

சைவ வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து வருவது. பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின் இல்லை, கோந்து வகை என்று நம்பி வாங்கலாம். அசைவக் குறி இப்போது பழுப்பு முக்கோணம். ஒரு வீட்டில் அமாவாசை விரதக்காரப் பாட்டிக்கு கேக் ஊட்டிவிட்டு அப்புறம் டப்பாவைப் படித்துப் பார்ப்பது நல்லதல்ல.

வீட்டில் செய்வதில் சுலபமானது மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட். ஒரு பங்கு மார்ஷ்மெல்லோவைத் துளி தண்ணீர் விட்டு உருக்கி, இரண்டு பங்கு ஐசிங் சுகர் சேர்த்துப் பிசைய வேண்டியதுதான். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் கை திரும்பக் கிடைக்காது. ருசி டப்பாவை விட நிச்சயம் மேல். (மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் உண்டு. சைவ மார்ஷ்மெல்லோ தேடி வாங்க வேண்டும்.) எந்த ஃபாண்டன்ட் ஆனாலும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் அந்தத் திகட்டலைக் குறைக்கும். வெனிலாவே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏலக்காய் ஏன் கூடாது? பன்னீர் ஏன் கூடாது?

இன்னும் ஒரு படி மேலே போனால், போர்த்துவதற்குச் சர்க்கரை மாவுதான் வேண்டும் என்பதே ஒரு பிரமை. முந்திரி கத்லியை எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். அது என்ன? முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த மாவை மெல்லியதாகத் தேய்த்து வெட்டுவது. மேல்நாட்டில் பாதாமில் செய்து கேக் மேல் போர்த்தும் மார்சிபானுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. மும்பையிலும் கோவாவிலும் ஈஸ்டருக்கு மார்சிபான் முட்டை செய்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் பாதாமுக்குப் பதில் முந்திரி போடுகின்றன. இலங்கையில் ரிச் கேக்குக்கு மேல் போடும் பாதாம் ஐசிங்கும் பல வீடுகளில் முந்திரியில்தான். பண்ருட்டி முந்திரி கிடைக்கும் தமிழ்நாட்டில் இதை யாரும் பெரிதாக முயற்சி செய்யாதது ஆச்சரியம். நைசாகப் பொடித்த முந்திரி, அதே எடைக்குச் சர்க்கரைத் தூள், வளைந்து கொடுக்கக் கொஞ்சம் குளுக்கோஸ். அழுத்திப் பிசைந்தால் எண்ணெய் விடும், மெதுவாகப் பிசைய வேண்டும். முழுசாகப் போர்த்தாமல் சுற்றுக்கு ஒரு பட்டை, மேலே ஒரு வட்டம் என்று ஒட்டினால் கிழியாது. விலை ஏறும், வாஸ்தவம். முந்திரி ஒவ்வாத பிள்ளைகள் விருந்தில் உண்டா என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் ஒரு தட்டிலும் மிஞ்சாது.

இலங்கை என்றதும் அங்கே கல்யாணத்தில் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மேடையில் நிற்கிற அடுக்குக் கேக் பெரும்பாலும் நுரைத் தக்கையில் செய்த வெறும் கூடு. அதன்மேல் ஐசிங் வேலைப்பாடு. விருந்தாளிகளுக்குக் கிடைப்பது தனியே செய்த ரிச் கேக் துண்டு. ரவை, முந்திரி, உலர்பழம், இஞ்சிப் பாகு எல்லாம் போட்டு ஊறவைத்தது, காகிதத்தில் சுற்றிச் சின்னப் பெட்டியில் வரும். பார்க்க ஒன்று, தின்ன ஒன்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திருப்பூர் மண்டபங்களில் ஐந்தடுக்கு ஃபாண்டன்ட் கேக் ஆர்டர் செய்கிறவர்கள் இதை யோசிக்கலாம். மேலே நாலு அடுக்கு தக்கை, கீழே ஒரு அடுக்கு நிஜம், பந்திக்குத் தனியாக நல்ல கேக். தமிழ்க் கல்யாணத்துக்கும் இது புதுசு இல்லை. சில வீடுகளில் கூம்பு கூம்பாக வைக்கும் பருப்புத் தேங்காய் முதலில் காட்சிக்குத்தான். ஒரு வித்தியாசம், அதை உடைத்தால் உள்ளே இருப்பதும் தின்னத் தகுந்தது.

ஃபாண்டன்ட்டே வேண்டாம் என்று சொல்கிற கட்சியும் இருக்கிறது. அது நியாயமில்லை. அவிநாசி ரோட்டில் இருந்து தாராபுரம் ரோடு வரை மதிய வெயிலில் ஸ்கூட்டியில் கேக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெண்ணைக் கேட்டால் சொல்வார். கிரீம் கேக் பாதி வழியில் சரிந்துவிடும், ஃபாண்டன்ட் அசையாது. செக்கிங் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஒரு ஓவனை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பொம்மை வேலைதான் பேக்கரிக்காரரோடு போட்டி போட ஒரே ஆயுதம். கையில் கலை இருக்கிறது, அதற்குக் கூலி வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர் "ஏனுங்க அக்கா, இத்துனூண்டு கிள்ளிக் கொடுங்க, ருசி பார்க்கறேன்" என்று கேட்டால் நல்ல கேக்காரருக்குக் கோபம் வராது. சந்தோஷம்தான் வரும், ஏனென்றால் நல்ல மாவுக்குக் கூடுதலாகக் கேட்கும் ஐம்பது நூறு ஏன் என்று அப்போதுதான் புரிய வைக்க முடியும். சாம்பிள் தர மாட்டேன் என்கிறவரிடம் கிரீம் கேக் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஃபாண்டன்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. கேக்குக்கும் ஃபாண்டன்ட்டுக்கும் நடுவில் ஒரு பூச்சு உண்டு. அது நன்றாக இருந்தால் மேல்தோலும் சேர்ந்து இறங்கும். திருப்பூருக்குப் பக்கத்திலேயே ஊத்துக்குளி இருக்கிறது, வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். அந்த வெண்ணெயில் உப்பும் புளிப்பும் இல்லாததாகப் பார்த்து வாங்கி நுரைக்க அடித்துப் பூசினால் அதன் வாசமே தனி. வெயில் மாதத்தில் வெண்ணெய் நிற்காது என்றால் சாக்லேட் கனாஷ், கிரீமை விட சாக்லேட் இரண்டு பங்கு போட்டுக் கெட்டியாக. போர்த்தின கேக்கை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் வியர்க்கும், சிவப்புக் கலர் வெள்ளை மேல் இறங்கிவிடும், புதுச் சிவப்பு பனியனை வெள்ளை வேட்டியோடு ஊறப்போட்ட கதை. அட்டைப் பெட்டியைத் திறக்காமல் அப்படியே ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்தால் வியர்வை பெட்டியோடு போய்விடும். துணியால் ஒற்றி எடுக்கப் போனால் விரல் தடம் பதியும், அதை மறைக்க மேலே ஒரு பூ வைக்க வேண்டி வரும்.